விஜேந்திரன் பிளக்கைப் பிடுங்கிய நாள்

தெரணியகலை பஜாரில் என் ஹாட்வெயார் கடைக்கும் விஜேந்திரனின் பிளான் வரையும் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான் இருக்கிறது. நான் சிமெந்து லொறிக்காரனை ஏசினால் அவனுக்குக் கேட்கும். அவன் கம்பியூட்டரை ஏசினால் எனக்குக் கேட்க வேண்டும். ஆனால் அவன் ஏசுவதே இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில், அவனுக்கு எங்கே இருக்கிறது என்று அல்லாஹ்தான் அறிவான். அதனால்தான் அந்த ஏப்ரல் மாதப் பின்னேரம் தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய "ஐயோ" கேட்டதும், நிறுத்துக்கொண்டிருந்த ஆணியை அப்படியே தராசில் விட்டுவிட்டு ஓடினேன்.

என்ன நடந்தது என்பதற்கு முன்னால் இவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், படித்த பிள்ளை இப்படியொரு முட்டாள் வேலை செய்வானா என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

விஜேந்திரன் பிறந்தது மேலே தேயிலை மலையில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் ஒட்டிய ஒரு லயத்தில். அந்த லயத்தில் முதலில் டீவி வாங்கியவர் அவன் அப்பா. மூங்கில் கம்பத்தின் உச்சியில் அன்டெனா கட்டியிருந்தார். எங்கள் பகுதியில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி இறங்காத நாள் குறைவு. ஒருநாள் அந்த மூங்கிலிலேயே இறங்கிவிட்டது. டீவி வெடித்தது, திரைச்சீலை எரிந்தது, நல்ல வேளையாக ஆட்களுக்கு ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அந்த லயத்தில் ஒரு சட்டம் வந்தது. தூரத்தில் முதல் உறுமல் கேட்டதும் பக்கத்தில் நிற்பவர் பிளக்கைக் கழற்ற வேண்டும். தன் வீடா அடுத்த வீடா என்ற பேச்சில்லை. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் உள்ளே புகுந்து கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். விஜேந்திரனுக்கு அது சின்ன வயதிலேயே கையில் ஏறிவிட்ட பழக்கம்.

கட்டடப் படம் வரையப் படித்தான், கொழும்பில் ஒரு ஒபிஸில் சில வருடம் வேலை செய்தான். பிறகு தோட்டத்து ஆட்களுக்கு ஏழு பேர்ச் அளவில் சின்னக் காணி கிடைத்துத் தனி வீடு எழும்பத் தொடங்கியதும் ஊருக்கே வந்து கடை போட்டான். "எல்லாரும் ஒரே மாதிரி பொட்டிய கட்டிக்கிட்டு இருக்காங்க நானா. கட்டுறதுக்கு முன்ன அவங்க அந்த வீட்ட பாக்கணும்" என்றான். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. பிளான் பேப்பரை நீட்டினால் எங்கள் ஆட்கள் தலையைத் தலையை ஆட்டுவார்கள். அதில் எது கதவு எது சுவர் என்று யாருக்குத் தெரியும்? என் சொந்த வீட்டு பிளானைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அருமை என்று சொன்னவன் நான்.

ஆகவே விஜேந்திரன் வீட்டைக் கம்பியூட்டரில் கட்டிக் காட்டினான். திரையில் வாசற்படி வரும், கதவு திறக்கும், உள்ளே நடக்கலாம், ஜன்னலில் எட்டிப் பார்க்கலாம். பின்னால் ஒரு பாட்டும் போடுவான். சினிமா தோற்றுவிடும். சாமான் வாங்க வந்தவர்கள் என் கடையை மறந்து அங்கே போய் நின்ற நாட்களும் உண்டு. எனக்கு எரிச்சல்தான், ஆனால் நானும் போய் நின்றேன்.

இதற்கெல்லாம் வேண்டியது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் காட். படத்தை அசைய வைப்பது அதுதான். விஜேந்திரனிடம் இருந்தது யாரோ கழித்துவிட்ட பழைய காட். அவன் கம்பியூட்டர் ஓடுவது காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸில். திருட்டுக் கொப்பி போட மாட்டேன் என்று பிடிவாதம். இந்த லினக்ஸும் அந்த காட்டும் பேசிக்கொள்ள நடுவில் ட்ரைவர் என்று ஒன்று வேண்டுமாம். எனக்கு விளங்கவில்லை என்றபோது அவன் இப்படிச் சொன்னான். வீடு கட்டும் மேசன் பாஸுக்குத் தமிழ் வராது, வீட்டுக்கார அம்மாவுக்குச் சிங்களம் சரியாக வராது, நடுவில் ஒருவர் நின்று சொன்னால்தான் சுவர் நேராக எழும்பும். அந்த நடு ஆள்தான் ட்ரைவர். காட் செய்த கம்பனி, பழைய காட்டுகளுக்கு இனிமேல் நடு ஆள் அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டது. கடைசியாக அனுப்பிய ஆளுக்கும் வயதாகிவிட்டது; லினக்ஸ் புதிதாக மாறும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தலை சுற்றும். அதனால் விஜேந்திரன் லினக்ஸை மாற விடாமல் பழையதிலேயே பிடித்து வைத்திருந்தான். அப்டேட் செய்யச் சொல்லித் திரையின் மூலையில் தினமும் ஒரு செய்தி வரும். அவன் தினமும் அதை மூடுவான்.

அன்று மூட முடியவில்லை. வீடு கட்டிக்காட்டும் அந்த புரோகிராம், லினக்ஸ் புதிதானால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. அன்று பின்னேரம்தான் புஷ்பம் அக்கா வருவதாக இருந்தது.

புஷ்பம் அக்கா மலையில் கொழுந்து எடுப்பவர். கணவர் பொன்னுத்துரைக்குப் போன வருடம் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கட்டிலோடுதான் இருக்கிறார். பேச்சும் குழறும். அவர்களுக்குக் காணி கிடைத்து, மறுநாள் காலை நல்ல நேரத்தில் அத்திவாரம் வெட்ட மேசன் பாஸ் வருவதாக ஏற்பாடு. கல்லும் சிமெந்தும் என் கடையிலிருந்து ஏற்கெனவே போய்விட்டன. புஷ்பம் அக்கா வீட்டைப் பார்த்துச் சம்மதம் சொல்வது மட்டும்தான் பாக்கி. பேப்பரைக் காட்டியபோது அவர் "நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்றார். கதவைக் கேட்டாலும் அதே பதில், ஜன்னலைக் கேட்டாலும் அதே பதில்.

"சரி சரின்னு சொல்றவங்கதான் நானா, கட்டி முடிஞ்ச பொறகு உள்ளுக்குள்ளயே அழுவாங்க. அவங்க ஒருதரம் கண்ணால பாத்துடணும். நாளைக்குக் குழி வெட்டிட்டா பொறகு ஒண்ணும் பண்ண ஏலாது" என்று விஜேந்திரன் என்னிடம் காலையிலேயே சொன்னான்.

சரி, அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்து அப்டேட்டை ஆரம்பித்திருக்கிறான். புது லினக்ஸ் இறங்கியது. பழைய ட்ரைவரை அதற்கேற்ற மாதிரி மறுபடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கம்பியூட்டரைத் தொடவே கூடாது என்பது அவன் ஊருக்கெல்லாம் சொல்லும் பாடம். அப்போது லக்சபான பக்கத்து மலையில் ஒரு உறுமல். விஜேந்திரனின் கை, அவனைக் கேட்காமல், சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

நான் போனபோது பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன விஜி, கரண்ட் அடிச்சிட்டா?"

"இல்ல நானா. நானேதான் புடுங்கினேன்."

மின்சாரம் போனால் தாங்குவதற்கு ஒரு யூபிஎஸ் வைத்திருந்தான். அதன் பெட்டரி செத்துப் போய், மேலே பூச்சாடி வைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. இடி ஓய்ந்ததும் பிளக்கைச் செருகினான். பெட்டி உயிர்த்தது, விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாக நின்றது. மூலையில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்திவாரத்தைத் தள்ளிப்போடச் சொல்லு என்றேன், நல்ல நேரம் கிடைக்காது என்றான். அவிசாவளைக்குக் கொண்டுபோய் வேறு கடையில் காட்டு என்றேன், லினக்ஸ் என்றால் அங்கே கையை விரிப்பார்கள் என்றான். அப்படியானால் இந்தச் சனியனை ஏன் வைத்திருக்கிறாய் என்று நான் கத்த, அவன் போனில் எதையோ தேடி வாசித்துக்கொண்டே கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தட்டத் தொடங்கினான். நான் கத்துவதும் அவன் தட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. பிறகு எனக்கே வெட்கமாகி, இரண்டு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அரைகுறையாக நின்றுபோன கம்பனி ட்ரைவரைக் கழற்றி எறிந்துவிட்டு, லினக்ஸோடு சும்மா வரும் இன்னொரு ட்ரைவரைப் போட்டான். அது கம்பனி கைவிட்ட காட்டுகளுக்காக யார் யாரோ இரக்கப்பட்டு எழுதியதாம். அதில் படம் தெரிந்தது. ஆனால் காட் அரை மூச்சில்தான் ஓடும். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் முடியாது, அசைத்தால் திக்கித் திக்கி நிற்கிறது. ஒவ்வொரு இடமாக ஒரு படம் எடுக்கலாம், ஒரு படம் வர ஒரு பிளேன்டீ ஆறும் நேரம் ஆகும் என்றான்.

அப்போதுதான் புஷ்பம் அக்கா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"வாங்கக்கா. இண்டைக்குப் பொட்டிக்கு ஒடம்பு சரியில்ல. மெதுவாத்தான் காட்டும்" என்றான் விஜேந்திரன்.

"பரவால்லீங்க தம்பி. அவர சீதா பாத்துக்குறா."

சீதா என்பது சீதாலட்சுமி. லயத்தில் அவர்களுக்கு அடுத்த அறை. கைப்பிள்ளை இருப்பதால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவள். புதுக் காணியிலும் பக்கத்துக் காணிதான், அவள் வீடு முன்பே எழும்பிவிட்டது.

முதல் படம் வந்தது, வாசல். மேலிருந்து கீழாகப் பட்டி பட்டியாகத் தெளிந்தது. முதலில் கூரை, பிறகு சுவர், கடைசியில்தான் படி. பாட்டு இல்லை. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு நாளாக இருந்தால் இந்நேரத்துக்குள் வீடு முழுக்கச் சுற்றி முடித்து, அவரும் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போயிருப்பார். இப்போது அடுத்த படம் வரும்வரை இதையே பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குக் கேட்கத் தோன்றியது.

"இந்தப் படியில அவர எப்படிங்க ஏத்துறது?"

விஜேந்திரன் உடனே படியைச் சரிவாக மாற்றிக் குறித்துக்கொண்டான். அடுத்தது குசினி. "நல்லா வெளிச்சமா இருக்குங்க" என்றார். அதற்கடுத்தது பொன்னுத்துரையின் அறை. அதுதான் விஜேந்திரனுக்குப் பெருமையான அறை. கட்டிலில் படுத்தபடியே பள்ளத்தாக்கு தெரிகிற மாதிரி பெரிய ஜன்னல் வைத்திருந்தான். மனிதர் நாள் முழுக்கப் படுத்திருக்கிறார், வெளியையாவது பார்க்கட்டும் என்று யோசித்து வைத்தது.

அந்தப் படத்தைப் புஷ்பம் அக்கா நெடுநேரம் பார்த்தார். பிளேன்டீ ஆறிப் போனது.

"சீதா வீடு எந்தப் பக்கமுங்க வரும்?"

"அது அந்தப் பக்கம் அக்கா. குசினிப் பக்கம்."

"அவரு கட்டிலு இந்தப் பக்கமா?"

"ஆமாக்கா. காத்து வரும், மலை தெரியும்."

அவர் முந்தானையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அவரு கூப்புட்டா யாருக்குங்க கேக்கும்?"

விஜேந்திரன் அவர் பக்கம் திரும்பியதும் அவரே தொடர்ந்து சொன்னார்.

"லயத்துல செவுத்துக்கு மேல தொறந்துதானே கெடக்கு. அவரு லேசா செருமுனாலே சீதா 'என்னங்க மாமா'ன்னு வந்துருவா. அந்தத் தைரியத்துலதான் நான் மலைக்குப் போறேன். புது வீட்டுல நல்ல கல்லு செவுரு. இவரு கட்டிலு அந்தக் கோடியில. உருண்டு கீழ விழுந்தாக்கூட நான் கொழுந்து நிறுத்துட்டு வந்துதான் பாக்கணும். சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க. தனி வீடு கெடச்சும் இவ இப்புடிப் பேசுறாளேன்னு நெனப்பாங்க. லயத்துலயே இருந்துடுவோமான்னுகூட நெனச்சேன்."

தோட்டத்து ஆட்கள் லயத்தைவிட்டு எப்போது வெளியேறுவார்கள் என்று பஜாரில் இருந்துகொண்டு நாங்கள் பேசுவோம். கூப்பிட்டால் கேட்கும் தூரம் என்று ஒன்று இருப்பதை நான் நினைத்ததே இல்லை. என் கடையில் எனக்கு நெஞ்சு வலி வந்தபோது தடுப்புக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஓடி வந்தவன் இந்த விஜேந்திரன்தான், அப்படியிருந்தும் நினைக்கவில்லை.

விஜேந்திரனின் முகம் விழுந்துவிட்டது. "நான் சீதா அக்கா வீட்ட வரையவே இல்லயே" என்றான். படத்தில் அந்த இடத்தில் பச்சைப் புல்லும் இரண்டு ரோசாச் செடியும் வைத்திருந்தான். அழகுக்காக.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். ரோசாச் செடிகளை அழித்தான். அங்கே ஒரு வீட்டை வைத்து, சீதாலட்சுமியின் குசினி ஜன்னல் எங்கே இருக்கிறது என்று புஷ்பம் அக்காவிடம் கேட்டுக் கேட்டுச் சரியான இடத்தில் ஒரு ஓட்டை போட்டான். பிறகு பொன்னுத்துரையின் வீட்டைக் கண்ணாடியில் பார்த்ததுபோலப் பக்கம் மாற்றினான். அவர் அறை சீதாலட்சுமி வீட்டுப் பக்கம் வந்தது, குசினி பள்ளத்தாக்குப் பக்கம் போனது. கட்டிலருகே புது ஜன்னல் ஒன்று, சீதாலட்சுமியின் ஜன்னலுக்கு நேராக.

"மலை தெரியாதேக்கா" என்றான்.

"மலைய அவரு போதும் போதும்னு பாத்துட்டாருங்க" என்றார் புஷ்பம் அக்கா. அன்று முதன்முதலாகச் சிரித்தார்.

புதுப் படம் வர நேரமெடுத்தது. கடைசி பஸ் போய்விட்டது. நான் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். மஃரிபைக் கடையிலேயே தொழுதுவிட்டு வந்தபோது படம் கீழ்வரை இறங்கியிருந்தது. புஷ்பம் அக்கா விரலைத் திரையில் வைத்து, கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும், அந்த ஜன்னலிலிருந்து அடுத்த வீட்டு ஜன்னலுக்கும் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இப்ப சரிங்க தம்பி" என்றார். இந்தச் "சரி" வேறு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மேசன் பாஸ் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டு நின்றார், பழைய பிளான்படி. எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னதும் சிங்களத்தில் ஒரு பாட்டம் ஏசினார். நானும் சிங்களத்தில் ஒரு பாட்டம் ஏசினேன். எனக்கு அதில் குறை கிடையாது. நல்ல நேரம் தவறுவதற்கு முன்னால் கயிறு பக்கம் மாறியது.

அந்த வாரமே விஜேந்திரன் கம்பனி ட்ரைவரை மறுபடி ஒழுங்காகக் கட்டி ஏற்றிவிட்டான். படம் முன்போல வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பாட்டை மட்டும் நிறுத்திவிட்டான். ஒவ்வொரு அறையிலும் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறான், வந்தவர்கள் ஏதாவது கேட்கும்வரை. யூபிஎஸ்ஸுக்கு நான்தான் புது பெட்டரி வாங்கிக் கொடுத்தேன். பூச்சாடி இப்போது என் மேசையில் இருக்கிறது.

வீடு எழும்பிக் குடி போனார்கள். நவம்பரில் கூரைத் தண்ணீர் வடியப் பீலிக் குழாய் பொருத்த அளவெடுக்க வேண்டுமென்று நானும் விஜேந்திரனும் போனோம். புஷ்பம் அக்கா மலையில் இருந்தார். பொன்னுத்துரை உள்ளே டீவி போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நாங்கள் வெளியே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வானம் உறுமியது.

விஜேந்திரனின் கை சட்டென்று நீண்டது, பிடுங்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதே நேரத்தில் உள்ளேயிருந்து குழறிய குரல் ஒன்று வந்தது.

"சீ... தா."

பெரிய சத்தம் இல்லை. பக்கத்து ஜன்னலிலிருந்து உடனே பதில் வந்தது.

"வாறேன் மாமா."

சீதாலட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனாள். டீவி நின்றது. "கழட்டிட்டேன் மாமா, படுங்க" என்ற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் போகும்போது எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் புஷ்பம் அக்கா பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு மேலேயிருந்து இறங்கி வந்தார். ஓடி வரவில்லை. சாதாரணமாக, வழி பார்த்து நடந்து வந்தார். வாசல் சரிவருகே எங்களைக் கண்டதும் நின்றார்.

"இடி இடிச்சுச்சே. கூப்புட்டாருங்களா?"

"கூப்பிட்டாருக்கா" என்றான் விஜேந்திரன்.

"அவளுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டிச்சுக்கா."

அவர் பொலித்தீனை உதறிக் கதவில் மாட்டிவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.